முதல் தடவைக்குப் பாதி

கடல் இல்லாத ஊருக்குப் படகு கொண்டுபோனவன் நான். மலேசியாவில், லங்காவித் தீவில் நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரு சின்னப் பாய்ப்படகு விலைபோயிற்று. வாங்கியவர் ஒரு சிவகாசிப் பட்டாசு முதலாளி. சுற்றுலா வந்தவர் ஒரு சாயங்காலம் அதில் ஏறி உட்கார்ந்தார். இறங்க மனமில்லாமல் வாங்கிவிட்டார். படகின் பாகங்களைப் பூட்டிக் கொடுத்து, ஓட்டவும் கற்றுக்கொடுத்துவிட்டு வா என்று எங்கள் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, என்னை அனுப்பினார். சீனரான எங்கள் முதலாளிக்குத் தமிழ்நாடு என்பது மொத்தமும் ஒரே ஊர். எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தேன். அப்புறம் தோட்டம், லாரி, மீன்பிடிப் படகு, பட்டறை என்று எதிலும் நிலைத்து நின்றதில்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, மழை நன்றாகப் பெய்திருந்த வருஷம். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. விருதுநகரில் இறங்கியதும் பசித்தது. எண்ணெயில் பொரித்த பரோட்டா தந்தார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாயைக் கிழித்தால் பஞ்சு போல் வரும். இது அப்பளம் போல நொறுங்கியது. மேலே சால்னாவை ஊற்றி, அது ஊறுவதற்குள் தின்றுவிட வேண்டும். எனக்குத் தெரியவில்லை. ஊறிய பிறகு தின்றேன். பரிமாறியவர் என் இலையைப் பார்த்து, வெளியூரா என்று கேட்டார். அவருக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

மறுநாள், கப்பலில் வந்திருந்த படகை வண்டியோடு ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். ஏழாயிரம்பண்ணையில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். கூட்டம் கூடிவிட்டது. தேர் என்றார் ஒருவர். சினிமாவுக்கு என்றார் இன்னொருவர். பல் குச்சியோடு நின்ற ஒரு பெரியவர் படகின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன மருந்து?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் உள்ளே காலியாக, வெளியே வழவழப்பாக எது இருந்தாலும் அதில் வெடிமருந்து அடைக்கத்தான் போகிறார்கள். தண்ணீர் அடைக்கப் போகிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேலி செய்கிறேன் என்று நினைத்து நகர்ந்துவிட்டார்.

நான் சொன்னது நிஜம். அந்த வகைப் படகுக்கு, கவிழாமல் இருக்க அடியில் பாரமாக வைக்கும் ஈயமோ இரும்போ கிடையாது. தளத்துக்குக் கீழே ஒரு டேங்க் இருக்கும். ரோட்டில் இழுக்கும்போது அது காலி; படகு இலேசாக வரும். தண்ணீரில் இறக்கியதும் பின்பக்கத்து வால்வைத் திறக்க வேண்டும். முன்பக்கத்தில் காற்று போக ஒரு துளை, அதற்கு ஒரு திருகு மூடி. மூடியை எடுத்தால் ஏரித் தண்ணீர் தானாகவே உள்ளே ஏறும், காற்று வெளியே போகும். துளை வழியே தண்ணீர் எட்டிப் பார்த்ததும் இரண்டையும் அடைத்துவிட வேண்டும். வேலை முடிந்து கரையேற்றும்போது வால்வைத் திறந்தால் எல்லாம் வடிந்துவிடும். பாரத்தை ஊர் ஊராகச் சுமக்க வேண்டாம். போகிற இடத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்.

வெம்பக்கோட்டை அணை நிரம்பியிருந்தது. வைப்பாறு இப்படி நிறைந்து பல வருஷம் ஆயிற்று என்றார்கள். அணையில் படகு விட முதலாளி யாரிடம் சம்மதம் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகளைப் பாய்ப்படகில் ஏற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஓட்டுவதற்கு என்று அவர் கொடுத்த ஆள் செல்வராஜ். நாற்பது வயதிருக்கும். வைப்பாற்றங்கரையில் பிறந்தவர் என்பதால் நீந்தத் தெரியும். கம்பெனியில் அது தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை அது. கம்பெனியில் அவர் மருந்து கலக்குகிறவர்.

மருந்து கலக்குவது என்றால் என்ன என்று முதல்நாளே காட்டினார். கம்பெனி வளாகம் முழுக்க வேப்பமரங்கள். நடுவில் தனித்தனியாகச் சின்னச் சின்ன அறைகள். எல்லாவற்றுக்கும் தள்ளி, நாலு பக்கமும் வாசல் வைத்து ஒரு அறை நின்றது. சுவர்கள் புதிது, தரை பழசு. இரண்டு தடவை வெடித்து இரண்டு தடவை கட்டியது. விடிகாலைக் குளிர்ச்சியிலேயே கலக்கி முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் தொடக்கூடாது என்றார். உள்ளே அவர் வலது காலைத்தான் முதலில் வைப்பாராம். எங்கள் ஊர்ப் புதுமணப்பெண்ணும் அப்படித்தான் என்றேன். "அவ ஒருநா வைப்பா. நான் தினமும் வைக்கேன்" என்றார்.

முதலாளி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். படகு சரியாக ஓடினால் செல்வராஜ் இனி படகோடுதான். கூலியில் குறையில்லை, மருந்து அறைக்குப் போகவே வேண்டாம். ஓடவில்லை என்றால் பூஜை போட்டுக் கம்பெனி திறக்கும் அன்று பழையபடி அறைக்குப் போக வேண்டியதுதான். இதை எனக்குச் சொன்னது அவர் இல்லை. அவர் மனைவி பாக்கியம். அதே கம்பெனியில் திரி சுற்றுகிறவர். எங்கள் இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்தபோது, கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, "நல்லாச் சொல்லிக் குடுங்க. மத்தது உங்க புண்ணியம்" என்றார். குழம்பில் காரம் அதிகம். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு நான் காரத்தைத்தான் காரணமாகச் சொல்வேன்.

முதல் தடவை தண்ணீர் நிரப்பியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். படகை இறக்க உதவிக்குக் கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் படகுக்குள், மீதிப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில். நான் வால்வைத் திறந்து, முன்பக்கத்து மூடியை எடுத்தேன். டேங்கில் இருந்த காற்று ஸ்ஸ் என்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. திரும்பிப் பார்த்தால் படகில் ஒருவருமில்லை. தண்ணீரில் நின்றவர்களும் கரையேறி, கருவேலம் புதருக்குப் பின்னால் குனிந்திருந்தார்கள். செல்வராஜும்தான். அந்தச் சத்தத்துக்கு அவர்கள் கால்கள் யாரையும் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்தார்கள். ஓடியதில் முதலாவது யார் என்று ஒருவரையொருவர் கேலி செய்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்; முழு மனதோடு என்று சொல்ல முடியாது.

செல்வராஜ் சீக்கிரம் கற்றுக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தாலேயே சொல்லிவிடுவார். புகை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்றார். பாயை இழுக்கும் கயிறும் சுக்கானும் அவர் கைக்கு வந்துவிட்டன. தண்ணீர் நிரப்பும் வேலையை மட்டும் நானே செய்துகொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

முதலாளி ஏறிப் பார்ப்பதாகச் சொன்ன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருப்பதைப் பார்த்தேன். கப்பல் பெட்டிக்குள் கிடந்து காய்ந்து போயிருந்தது. நான் வரும்வரை படகை எடுக்க வேண்டாம் என்று செல்வராஜிடம் சொல்லிவிட்டுச் சிவகாசிக்கு பஸ் ஏறினேன். வளையம் மூன்றாவது கடையிலேயே கிடைத்துவிட்டது. மோட்டார் பம்புக்குப் போடுவது. திரும்பும்போதுதான் பஸ் காற்று இறங்கி நின்றது. மாற்றுச் சக்கரம் இருந்தது, ஜாக்கி இல்லை. ஜாக்கி எங்கே என்று டிரைவர் கேட்க, நேற்று நீதானே உன் மச்சானுக்குக் கொடுத்தாய் என்று கண்டக்டர் சொல்ல, இருவரும் மச்சானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஜனங்கள் கம்பெனிக்கு போன் செய்து திட்டுவார்கள். இங்கே எல்லோரும் இறங்கி நிழலில் உட்கார்ந்து, அந்த மச்சான் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார்கள். தீக்குச்சி மூட்டைகள் ஏற்றி வந்த ஒரு லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு அணைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கரைமேல் ஏறியபோது படகு நடு ஏரியில் இருந்தது. பாய் விரித்திருந்தது. உள்ளே செல்வராஜும் முதலாளியும். ராகுகாலம் தொடங்குவதற்குள் கிளம்ப வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தியிருக்கிறார். மலேசியாக்காரர் வரட்டும் என்று செல்வராஜ் ஒரு தடவைதான் சொல்ல முடியும். இரண்டாம் தடவை சொல்ல அவர் யார்?

படகு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரில் அழுந்தி நிற்க வேண்டிய படகு ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். அவ்வளவு தூரம் குரல் போகவில்லை. வடகிழக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை. படகு சாய்ந்தது. நிமிர வேண்டிய இடத்தில் நிமிராமல் மேலும் சாய்ந்து, பாயைத் தண்ணீரில் படுக்க வைத்துவிட்டது.

இரண்டு பேரும் ஆரஞ்சு நிற மிதவை அங்கி போட்டிருந்தார்கள். கல்யாணக் கோமாளி போல இருக்கிறது என்று முதலாளி மறுத்ததையும், செல்வராஜ் விடாமல் மாட்டிவிட்டதையும் பிறகு கேள்விப்பட்டேன். மீன் பிடிக்கிறவர்கள் பரிசலில் போய் அவர்களைக் கொண்டுவந்தார்கள். முதலாளியின் சட்டைக் காலரைச் செல்வராஜ் கரை வரும்வரை விடவில்லை. கரையேறியதும் முதலாளி இருமினார், மூக்கைச் சிந்தினார், ஒரு கல்லில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போதும்பா. தார்ப்பாயப் போட்டு மூடிக் குடோன்ல ஏத்திருங்க. செல்வராசு, பூசைக்கு வந்துரு" என்றார். கார் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

படகை நிமிர்த்திக் கட்டிய பிறகு எவ்வளவு நிரப்பினீர்கள் என்று செல்வராஜிடம் கேட்டேன். "பாதி" என்றார். ஏதோ பதற்றத்தில் மறந்துபோய்ச் செய்தார் என்று நினைத்தேன். இல்லை. யோசித்துத்தான் செய்திருந்தார்.

"நா தனியா ரொப்புற மொதத் தடவைண்ணே. புதுச் சரக்கு எது வந்தாலும் மொதத் தடவைக்குப் பாதி மருந்துதான் போட்டுப் பாப்போம். முழுசாப் போட்டுப் பாத்தவுக யாரும் இப்ப இல்ல."

அந்தப் பாதிதான் அவரை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தது. படகில் அது தலைகீழ். காலி டேங்கை நம்பியாவது காற்றில்லாத நாளில் போகலாம். பாதி டேங்க்தான் ஆளைக் கொல்லும். படகு சாய்கிற பக்கமே தண்ணீரும் ஓடிப்போய்ச் சேர்ந்து, சாய்வதற்கு உதவி செய்யும். முழு டேங்கில் ஓட இடமில்லை. இன்னொன்றும் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும்வரை தண்ணீர் கனப்பதே இல்லை. படகு சாய்ந்து டேங்கின் ஒரு பக்கம் ஏரி மட்டத்துக்கு மேலே தூக்கப்படும்போதுதான் அது கனக்கும், கனத்துக் கீழே இழுக்கும். இதையெல்லாம் ஈர மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்கினேன். கடைசியில் பள்ளிக்கூடத்தில் படித்ததில் மிச்சமிருந்த ஒன்றையும் சொன்னேன்: நிறைகுடம் நீர் தளும்பாது.

பாக்கியம் தூக்குவாளியோடு வந்து நின்றிருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. நாங்க கொடந் தூக்காதவுகளா?" என்றார். அன்றைக்குச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் தப்பாகும் என்று நான் மட்டும் தின்றேன்.

கம்பெனி திறக்கும் நாள் வந்தது. படகு ஏரியோரத்தில் தார்ப்பாய்க்குள் இருந்தது; குடோனுக்கு இழுக்க டிராக்டர் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. நான் திரும்பிப் போக வேண்டியவன். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக் கம்பெனிக்குப் போனேன். ஒவ்வொரு அறை வாசலுக்கும் சந்தனம், குங்குமம், மாவிலை. வேன் வேனாக வந்து இறங்கிய பெண்கள் குளித்துப் பூ வைத்து வரிசையில் நின்றார்கள். நாலு வாசல் அறைக்குத்தான் பெரிய மாலை. அதன் முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். செல்வராஜ் புது வேட்டி கட்டி, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

முதலாளி தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் சர்க்கரைப் பொங்கலும் வெற்றிலை பாக்கும் கொடுத்து வந்தார். பாக்கியத்தின் முறை வந்தது. வாங்கிக்கொண்டு அவர் நகரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"மொதலாளி, ஒரு தரம் கவுந்துருச்சின்னு படகு வேணாம்னுட்டீக. சரி. இந்த ரூம்பு ரெண்டு தரம் போயிருக்கு. அதுக்கு மால போட்டுல்ல கும்புடுறோம்?"

செல்வராஜ் கண்ணை மூடிக்கொண்டார். மேஸ்திரி ஒருவர், "ஏ பாக்கியம், நகரு" என்று அதட்டினார். முதலாளி அவரைக் கையால் அமர்த்தினார். அடுத்த பெண்ணுக்குப் பொங்கல் வைத்தார். அதற்கடுத்தவருக்கும் வைத்தார். வரிசை முழுக்க முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, முழுசா ரொப்புனா கவுறாதா?"

சாயும், ஆனால் நிமிரும் என்றேன். நன்றாகச் சாயும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் அறையைப் பார்த்தார். மாலை போட்டிருந்த அந்த நாலு வாசலையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பாக்கியத்தைக் கூப்பிட்டார். "நான் ஏற மாட்டேன். நீ ஏறுவியா? உனக்கு நீச்சல் தெரியாதுல்ல?"

தெரியாது, ஏறுகிறேன் என்றார் பாக்கியம்.

மதியத்துக்கு மேல் அணைக்குப் போனோம். காற்று அன்றைக்குத்தான் அந்த வாரத்திலேயே அதிகம். வேறொரு நாள் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வேறொரு நாள் வராது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. செல்வராஜ் தானே வால்வைத் திறந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். துளையில் விரலை விட்டு, தண்ணீர் விரலை நனைத்த பிறகும் ஒரு நிமிஷம் பார்த்திருந்து, புது வளையத்தைப் போட்டு மூடியைத் திருகினார். வால்வை அடைத்தார். பாக்கியம் சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். செருப்பைக் கரையிலேயே ஜோடியாக விட்டுவிட்டு வந்திருந்தார். நானும் முன்பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

நடு ஏரிக்குப் போனதும் காற்று இறங்கியது. படகு சாய்ந்தது. பாக்கியத்தின் கை தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்தது. அவர் கத்தவில்லை. எதிர்ப்பக்கத்தில், தளத்தடியில் உயரத் தூக்கப்பட்ட தண்ணீர் கனப்பதை உட்கார்ந்திருக்கும் இடத்தில் உணர முடிந்தது. அது பிடித்து இழுத்தது. படகு மெதுவாக நிமிர்ந்து ஓட ஆரம்பித்தது. மறுபடி காற்று, மறுபடி சாய்வு, மறுபடி நிமிர்வு. கொஞ்ச நேரத்தில் அது ஒரு பழக்கமாகிவிட்டது. செல்வராஜ் சிரித்தார். அந்த மனிதர் பல்லைக் காட்டிச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

திரும்பும்போதுதான் பாக்கியம் கேட்டார், அப்படியென்றால் அந்த அறைக்கு யார் போவார்கள் என்று.

யாராச்சும் வருவாக என்றார் செல்வராஜ், பாயைப் பார்த்துக்கொண்டே. அவர் சிரிப்பு போய்விட்டிருந்தது.

முதலாளி கரையில் குடைக்குக் கீழே நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பேச்சை முடித்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து வந்தார். படகு நிமிர்ந்த ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். "ஏலே செல்வராசு, நீ இனி இங்கனதான். மருந்துக்கும் ஆள் சொல்லியாச்சு. தாயில்பட்டிக்காரன். கை சுத்தம்னாக. காலைல வாரான்."

செல்வராஜ் கும்பிட்டார். பாக்கியம் அங்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தண்ணீர் சொட்டும் சேலையை முறுக்கிப் பிழிந்தார். செருப்பைக் காலில் மாட்டினார்.

"கல்யாணம் ஆனவனா மொதலாளி?"

"அதையெல்லாமா கேட்டுக்கிட்டு இருப்பாக?" என்று சொல்லிவிட்டு முதலாளி காரை நோக்கி நடந்தார். பாக்கியம் அங்கேயே நின்றார். அவர் கேள்விக்கு இன்னும் பதில் வர வேண்டியிருப்பது போல, கார் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.